கதவு அட்டவணை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கட்டட வடிவமைப்பு மென்பொருள்கள் குறித்து இம்முறை வந்த கடிதங்களில் கதவு அட்டவணையை, அதாவது கட்டடத்தின் கதவுகளை அளவு, வகை முதலிய விவரங்களோடு காட்டும் பட்டியலைப் பற்றியவையே மிகுதி. ஒரே தன்மையான கடிதங்களை ஒன்றாக்கி, கேள்விகளைச் சுருக்கித் தந்துள்ளோம். பெரும்பாலானோர் ரெவிட் பயன்படுத்துவதால் பதில்களும் அதனையொட்டியே அமைந்துள்ளன. ஆர்க்கிகேட் வேறுபடும் இடத்தில் அதனையும் குறிப்பிட்டுள்ளோம்.

கேள்வி: ஐயா, சிறிய கட்டடக்கலை அலுவலகம் ஒன்றில் படவரைஞராகப் பணிபுரிகிறேன். தொடர்மாடிக் கட்டடம் ஒன்றை ரெவிட்டில் வரைந்து வருகிறோம். கதவுக் குடும்பம் எனப்படும் மூலக் கோப்பைத் திறந்து, தகவலைப் பதிவதற்காக ‘பூட்டு வகை’ என்றொரு பராமீட்டரைச் சேர்த்தேன். கதவைத் தெரிவு செய்தால் பண்புப் பலகையில் அது தெரிகிறது. அட்டவணைக்கு நிரல்களைத் தெரிவு செய்யும் இடத்திலோ அது இல்லவே இல்லை. என்ன செய்ய வேண்டும்? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: நீங்கள் பராமீட்டரைச் சேர்த்த இடம் அட்டவணையின் கண்ணுக்கு எட்டாத இடம். ரெவிட்டில் இத்தகைய தகவலை மூன்று விதமாக உருவாக்கலாம். குடும்பத்துக்குள் மட்டும் உருவாக்கும் பராமீட்டர், கதவின் வடிவத்தைக் கட்டுப்படுத்தவும் பண்புப் பலகையில் தோன்றவும் போதுமானது. அட்டவணையோ, வரைபடத்தில் கதவுக்கு அருகே இடும் குறிப்பான டேக்கோ அதனை வாசிக்காது. செயற்றிட்டக் கோப்பில் ‘மேனேஜ்’ பகுதி வழியாகக் கதவுகள் அனைத்துக்கும் பொதுவாகச் சேர்க்கும் ‘புரொஜெக்ட் பராமீட்டர்’ அட்டவணையில் தோன்றும், டேக்கில் தோன்றாது. ‘ஷெயார்ட் பராமீட்டர்’ எனப்படும் மூன்றாவது வகை இரண்டிலும் தோன்றும்.

ஒரேயொரு கட்டடத்துக்கு, அட்டவணையில் மட்டும் காட்டினால் போதும் என்றால் இரண்டாவது வழியே எளிது. எந்த நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து இறக்கிய கதவாயினும், குடும்பத்தைத் திறக்காமலே எல்லாக் கதவுகளுக்கும் அந்த நிரல் ஒரேயடியாகக் கிடைத்துவிடும். ஆனால், பல மாடிக் கட்டடம் ஒன்றின் பூட்டு வகை நாளை டேக்கிலும் கேட்கப்படும், அடுத்த கட்டடத்திலும் கேட்கப்படும். ஆகவே மூன்றாவது வழியையே உங்களுக்குப் பரிந்துரைப்பேன். ஏற்கனவே நீங்கள் சேர்த்ததை அழிக்கத் தேவையில்லை. குடும்பத்தைத் திறந்து, அந்தப் பராமீட்டரைத் திருத்தும் பெட்டியில் அதனை ஷெயார்ட் வகைக்கு மாற்றி, ஷெயார்ட் பராமீட்டர் கோப்பிலுள்ள, அதே தரவு வகையைக் கொண்ட பராமீட்டரைத் தெரிவு செய்து, மீண்டும் செயற்றிட்டத்துள் ஏற்றினால் போதும்.

இங்கே அலுவலகங்கள் பலவும் இடறும் இடம் ஒன்று உண்டு. ஷெயார்ட் பராமீட்டரை ரெவிட் அடையாளம் காண்பது அதன் பெயரைக் கொண்டு அன்று; உருவாக்கும்போது அதற்குத் தானாக வழங்கப்படும் நீண்ட அடையாள எண்ணைக் கொண்டே. உங்கள் அலுவலகத்தில் இருவர் தத்தமது கணினியில் ‘பூட்டு வகை’ என்று தனித்தனியே உருவாக்கினால், மென்பொருளின் கணக்கில் அவை இரு வேறு தகவல்கள். நிரல்களின் பட்டியலில் ஒரே பெயர் இரு முறை தோன்றும். எதைத் தெரிவு செய்தாலும் பாதிக் கதவுகளுக்கு நேரே வெறுமையே இருக்கும். எனவே, அலுவலகம் முழுமைக்கும் ஒரே கோப்பைச் சேவையகத்தில் வைத்து, அதில் எழுதும் உரிமையை ஒருவரிடம் மட்டும் ஒப்படைப்பது நல்லது. அக்கோப்பு சாதாரண எழுத்துக் கோப்பாகவே இருந்தாலும் நோட்பேடில் திறந்து கை வைக்கலாகாது.

இதனோடு முடிவெடுக்க வேண்டிய இன்னொன்று, அந்தத் தகவல் கதவின் வகைக்கு உரியதா, அல்லது தனித்தனிக் கதவுக்கு உரியதா என்பதாகும். ஒரே வகைக் கதவு இரு வேறு இடங்களில் நிற்கும்போது அந்தத் தகவல் மாறக்கூடுமா என்று கேட்டுப் பாருங்கள். மாறுமெனில் ‘இன்ஸ்டன்ஸ்’, மாறாதெனில் ‘டைப்’. படுக்கையறைக்கும் குளியலறைக்கும் ஒரே பலகைக் கதவை இட்டு, பூட்டை மட்டும் மாற்றுவது நம்மிடையே சர்வசாதாரணம் என்பதால், பூட்டு வகையை இன்ஸ்டன்ஸ் ஆக்குவதே பொருத்தம். நிரல் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. இந்த முடிவைப் பிழையாக எடுத்துவிட்டு, நூற்றுக்கணக்கான கதவுகள் நிறைந்த பிறகு மாற்றுவது நெடிய வேலை.

பிணைச்சல், கைபிடி, தாழ்ப்பாள், தானாக மூடும் கருவி என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் கேட்பவர்களும் உளர். அவ்வாறு நீட்டுவதிலும் பார்க்க, ‘கீ ஷெட்யூல்’ ஒன்றை அமைத்து, ஹாட்வெயார்த் தொகுதிகளுக்கு எச்1, எச்2 எனப் பெயரிட்டு, ஒவ்வொரு தொகுதியிலும் அடங்கும் பொருள்களை அங்கே ஒரு தடவை மட்டும் நிரப்பிவிடுங்கள். பின்னர் ஒவ்வொரு கதவுக்கும் தொகுதியின் பெயரைக் கொடுத்தாலே ஏனைய நிரல்கள் தாமாக நிரம்பும். ஷெயார்ட் பராமீட்டர்களை இத்தகைய அட்டவணையில் சேர்க்கும் வசதி 2022ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்துதான் உள்ளது; அதற்கு முந்திய பதிப்பை வைத்திருப்போர் புரொஜெக்ட் பராமீட்டரைக் கொண்டே சமாளிக்க வேண்டும்.

கேள்வி: அட்டவணையில் ஒரு கதவின் அகலத்தை 900 இலிருந்து 800 ஆக மாற்றினேன். மாடி முழுவதிலும் கதவுகள் சுருங்கிவிட்டன. (வாசகர், தெமட்டகொடை)

பதில்: அகலம் அந்தக் குடும்பத்தில் வகைக்கு உரிய பராமீட்டர். அதை மாற்றும்போது, அந்த வகையைச் சேர்ந்த எல்லாவற்றுக்கும் இம்மாற்றம் பொருந்தும் என்று ரெவிட் ஒரு பெட்டியில் எச்சரிக்கும். வாசிக்காமல் ‘ஓகே’ சொல்வது எல்லோருக்கும் பழகிப்போயிற்று. ஒரு கதவை மட்டும் மாற்ற வேண்டுமெனில், வகையை நகல் எடுத்து, 800 அகலத்தில் புதிய வகை ஒன்றை உருவாக்கி, அந்தக் கதவை அதற்கு மாற்றுங்கள்.

கேள்வி: ஒப்பந்தகாரர் நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். கட்டடக்கலைஞரின் கதவு அட்டவணையை மொறட்டுவையிலுள்ள தச்சுப் பட்டறைக்கு அனுப்பினோம். “900 என்பது துளையா, நிலையா, பலகையா?” என்று அங்கிருந்து கேட்கிறார்கள். அட்டவணையில் அகலம், உயரம் என இரு நிரல்கள் மட்டுமே உள்ளன. இதனை எப்படித் தெளிவாக்குவது? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: பட்டறைக்காரரின் கேள்வி முற்றிலும் நியாயமானது. வெட்டும் முன்பே அவர் கேட்டதற்காக நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். அகலம் எனும் சொல்லுக்கு மென்பொருளில் நிலையான பொருள் கிடையாது. அந்தக் குடும்பத்தை உருவாக்கியவர் எதனை அகலம் என்று கொண்டாரோ அதுவே அகலம். ரெவிட்டோடு வரும் எளிய ஒற்றைக் கதவில் பலகையானது சுவரில் வெட்டப்படும் துளையின் முழு அகலத்தையும் அடைத்து நிற்கிறது; நிலைச் சட்டத்தின் தடிப்புக்கு அதில் இடமே விடப்படுவதில்லை. ஆரம்பக் கட்ட வரைபடத்துக்கு அது போதும். தேக்கிலோ பலாவிலோ நிலை செய்து நிறுத்தும் கட்டடத்துக்கு, அந்த எண்ணை நம்பிப் பலகை வெட்டுவது பண நட்டம்.

ஆகவே, பட்டறைக்கென்று தனி அட்டவணை ஒன்றைக் கட்டடக்கலைஞரிடம் கேளுங்கள். அதில் மூன்று அகலங்கள் இருக்கட்டும்: சுவர்த் துளை, நிலையின் உள் இடைவெளி, பலகை. மூன்றையும் கையால் நிரப்ப வேண்டியதில்லை. அட்டவணையிலேயே ‘கல்குலேட்டட் வல்யூ’ எனப்படும் கணிப்பு நிரலைச் சேர்த்து, ஒன்றிலிருந்து மற்றதைப் பெறலாம். சுவர்த் துளை 1000 மி.மீ. என்றும், செங்கல் கட்டும்போதே நிலையை நிறுத்திக் கட்டும் நம் வழக்கப்படி அது சுவரோடு ஒட்டி நிற்கிறது என்றும், நிலையின் முகம் இருபுறமும் 50 மி.மீ. என்றும் கொள்வோம். உள் இடைவெளி 900. பலகை அமர்வதற்கு நிலையில் செதுக்கும் படி இருபுறமும் 12 வீதம் எனில் 24ஐக் கூட்டி, பலகை தட்டாமல் மூடுவதற்கான இடைவெளி 3 வீதம் 6ஐக் கழித்தால், பலகையின் அகலம் 918 மி.மீ. ஆகும். அட்டவணையில் 900 என்று மட்டும் இருந்து, பட்டறை அதையே பலகையென்று வெட்டியிருந்தால், ஒவ்வொரு கதவும் 18 மி.மீ. குறைந்து வந்திருக்கும். செதுக்கும் ஆழமும் இடைவெளியும் பட்டறைக்குப் பட்டறை மாறுவதால், சூத்திரத்தில் எண்களை இடுமுன் அவர்களிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

சூத்திரம் எழுதுபவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. கணிப்பு நிரலின் வகையை ‘லெங்த்’ (நீளம்) என்று மாற்றி, சூத்திரத்தில் இடும் எண்களோடு மி.மீ. அலகையும் சேர்க்க வேண்டும்; இல்லையேல் அலகுகள் பொருந்தவில்லை என்று மென்பொருள் மறுத்துவிடும். சூத்திரத்தில் பயன்படுத்தும் நிரல்கள் அந்த அட்டவணையில் இருந்தாக வேண்டும். அச்சில் வேண்டாதவற்றை நீக்காமல் மறைத்து வையுங்கள்.

உயரத்துக்கும் இதே கேள்வி உண்டு. அது பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது. ரெவிட்டில் கதவு நிற்பது தரையின் மேற்பரப்பில் அன்று, ‘லெவல்’ எனப்படும் மட்டத்தில். அந்த மட்டத்தைக் கொங்கிரீட் தளத்தின் மேல் வைத்து வரைந்திருந்தால், பின்னர் சாந்தும் டைலும் சேர்ந்து 50 மி.மீ. உயரும்போது கதவின் அடிப்பகுதி அதனுள் புதைந்திருப்பதாகவே கணினியிலுள்ள மாதிரி சொல்லும். 2100 என்று அட்டவணை சொல்ல, சைட்டில் 2050க்கே இடம் இருக்கும். மட்டத்திலிருந்து கதவின் அடி நிற்கும் உயரத்தைக் காட்டும் ‘சில் ஹைட்’ என்ற நிரலையும் அட்டவணையில் சேர்த்து, முடிவுற்ற தரை மட்டத்துக்கு ஏற்ப அதை நிரப்பச் சொன்னால் இது தெளிவாகிவிடும்.

நிலையின் ஆழம் மூன்றாவது. அரைக்கல் சுவருக்கும் ஒன்பது அங்குலச் சுவருக்கும் ஒரே நிலை பொருந்தாது. ஆனால், கதவு தான் நிற்கும் சுவரின் தடிப்பை அட்டவணைக்குத் தானாகச் சொல்வதில்லை. குடும்பத்துள் சுவரின் இரு முகங்களுக்கும் இடையே அளவிட்டு, அதனை ‘ரிப்போர்ட்டிங்’ வகை ஷெயார்ட் பராமீட்டராக ஆக்கினால், ஒவ்வொரு கதவும் தன் சுவரின் தடிப்பை அட்டவணையில் காட்டும். பட்டறைக்கு அனுப்பும் அட்டவணைகளில் இதைவிடப் பயனுள்ள நிரலை நான் அறியேன்.

தச்சு வேலை செய்யும் பாஸ்மாரில் பலர் இன்னும் அடி, அங்குலத்திலேயே பேசுகிறார்கள் என்பதும் உண்மை. ஒரே நிரலை ஓர் அட்டவணையில் இரு முறை சேர்க்க ரெவிட் விடாது. அகலத்தையே மதிப்பாகக் கொண்ட கணிப்பு நிரல் ஒன்றைச் சேர்த்து, அதன் வடிவமைப்பில் அலகை மட்டும் அடி, அங்குலம் என்று மாற்றினால் இரண்டும் அருகருகே நிற்கும். மூன்று அடி என்பது 914 மி.மீ., 900 அன்று. இந்த 14 மி.மீ. இடைவெளியை ‘கிட்டத்தட்ட மூன்றடி’ என்று விழுங்குவதால் வரும் தகராறுகளைத் தவிர்க்க, எந்த அலகு இறுதியானது என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: கதவு எந்த அறைக்கு உரியது என்று காட்டும் நிரல் எல்லாக் கதவுகளுக்கும் வெறுமையாக இருக்கிறது. அறைகளுக்குப் பெயர் இட்டிருக்கிறோம். (வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: இரண்டு காரணங்களுள் ஒன்றாக இருக்கும். அறைகள் ஒரு கோப்பிலும் கதவுகள் வேறொரு கோப்பிலும் இருந்து, ஒன்றை மற்றதில் லிங்க் செய்திருந்தால், கதவு அந்த அறைகளைக் காணாது. இரண்டும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். அல்லது, பழைய கட்டடம் ஒன்றைத் திருத்தும் வேலையாக இருந்து, அறைகள் புதிய கட்டத்துக்கும் அட்டவணை பழைய கட்டத்துக்கும் அமைக்கப்பட்டிருக்கலாம். அட்டவணையின் பண்புகளில், வேலையின் கட்டத்தைக் குறிக்கும் ‘பேஸ்’ என்பதைப் பாருங்கள்; கொழும்பின் பழைய வீடுகளை அலுவலகங்களாக மாற்றும் வேலைகளில் இது அடிக்கடி நேர்கிறது. அறைப் பெயர்கள் வந்த பின்னர், கதவின் இரு பக்க அறைகளுள் எது ‘டு ரூம்’, எது ‘ஃப்ரம் ரூம்’ என்பது நீங்கள் எதிர்பார்ப்பதற்கு மாறாக இருந்தால், அட்டவணையிலேயே அந்தப் பெயர் உள்ள இடத்தைச் சொடுக்கி மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: கதவு இடது கையா, வலது கையா என்று காட்டும் நிரலைத் தேடிக் களைத்துவிட்டேன். பழைய சோனகத் தெருவில் பூட்டு வாங்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். (வாசகி, கிருலப்பனை)

பதில்: ரெவிட்டின் கதவு நிரல்களில் அப்படி ஒன்று இல்லை. இவ்வளவு காலம் பயன்பாட்டில் உள்ள மென்பொருளில் இது இன்னும் இல்லாதிருப்பதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன். ஆர்க்கிகேட் பயன்படுத்துவோருக்கு இத்தொல்லை இல்லை. அங்கே கதவு திறக்கும் பக்கத்தை அட்டவணையில் ஒரு புலமாகவே சேர்க்கலாம், கதவின் சிறு படத்தையும் அதே வரியில் காட்டலாம்.

ரெவிட்டில் சிலர் ‘கை’ என்றொரு பராமீட்டரைச் சேர்த்து, இடது, வலது என்று கையால் நிரப்புகிறார்கள். வரைபடத்தில் யாரேனும் ஒரு கதவைப் புரட்டினால் அட்டவணை பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும் என்பதால், இதனை நான் ஆதரிப்பதில்லை. ரெவிட்டோடு வரும் நிரலாக்கக் கருவியான டைனமோ தெரிந்தவர் ஒருவர் இருப்பாராயின், கதவு முகப்புவாக்கில் (உள், வெளியாக) புரட்டப்பட்டதா, கைவாக்கில் (இடம், வலமாக) புரட்டப்பட்டதா என்ற இரண்டு செய்திகளையும் அதன் வழியாக வாசித்து, அந்தப் பராமீட்டரை நிரப்பலாம். இரண்டில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் கை மாறும். இரண்டும் நடந்திருந்தால் கதவு அரைச்சுற்றுத் திரும்பியதற்குச் சமம், ஆகவே கை மாறாது. முதலில் நிறுத்திய கதவு எந்தக் கை என்பதைக் குடும்பத்துக்குக் குடும்பம் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாக் குடும்பங்களையும் ஒரே கையில் உருவாக்கி வைத்திருந்தால் இச்சிக்கல் குறையும். அட்டவணையை வெளியிடும் ஒவ்வொரு முறையும் இதனை மீண்டும் இயக்க வேண்டும்.

இன்னுமொன்று. கதவை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து இடது, வலது என்கிறோம் என்பதில் கடைக்காரரும் கட்டடக்கலைஞரும் உடன்பட்டிருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். சிறிய தளப்படம் ஒன்றை அட்டவணைக்கு அருகே வரைந்து, எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்பதை அதில் குறித்துக் கொண்டு போங்கள்.

கேள்வி: தீத்தடுப்புக் கதவுகளை மட்டும் காட்டும் தனி அட்டவணை வேண்டும். வடிகட்டினால் சில கதவுகள் விடுபடுகின்றன. (வாசகர், மருதானை)

பதில்: தீத்தாங்கு நேரம் ரெவிட்டில் எழுத்தாகவே பதிவாகிறது. ஒருவர் ‘60 நிமிடம்’ என்றும், மற்றவர் ‘1 மணி’ என்றும், இன்னொருவர் ‘60நிமி’ என்றும் எழுதியிருந்தால், மூன்றும் வேறு வேறு. வடிகட்டியைத் திருத்துவதற்கு முன் எழுத்தைத் திருத்துங்கள். அதற்குச் சுலபமான வழி, ‘ஒவ்வொரு கதவையும் தனித்தனியே காட்டு’ என்ற தெரிவை நீக்கிவிட்டு, தீத்தாங்கு நேரத்தின்படி அட்டவணையை வரிசைப்படுத்துவதாகும். எத்தனை விதமாக எழுதப்பட்டுள்ளது என்பது சில வரிகளில் தெரிந்துவிடும்.

அதன் பிறகும் ஓர் ஆபத்து உண்டு. நேரம் குறிக்கப்பட்ட கதவுகளை மட்டும் காட்டும் அட்டவணை, குறிக்க மறந்த கதவை ஒருபோதும் காட்டாது. ஆகவே, நேரம் குறிக்கப்படாத கதவுகளை மட்டும் வடிகட்டும் இரண்டாவது அட்டவணை ஒன்றை அலுவலகப் பாவனைக்கு வைத்துக்கொண்டு, படிக்கட்டு, லிஃப்ட் முன்கூடம், மின்னறை ஆகியவற்றின் கதவு எதுவும் அதில் நிற்கவில்லை என்று பாருங்கள். கதவு நிற்கும் சுவரின் தீத்தாங்கு நேரத்தைக் கதவு அட்டவணை வாசிக்காது என்பதால், இதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்தக் கதவுக்கு எவ்வளவு நேரம் என்பதை நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை வெளியிட்ட தீப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைக் கொண்டு உங்கள் பொறியியலாளரே தீர்மானிக்க வேண்டும். கொழும்பு மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவுக்குக் கொண்டு செல்லும் அட்டவணையில் பூட்டு, நிறம், விலை ஆகியவற்றுக்கு வேலையில்லை. கதவின் இலக்கம், தளம், இடம், தீத்தாங்கு நேரம், தானாக மூடும் கருவி உண்டா என்பவை இருந்தால் போதும்.

கேள்வி: அட்டவணையை எக்செலுக்குக் கொண்டுபோய் அழகாக்கி, அங்கேயே திருத்தலாமா? எங்கள் கணிய அளவையாளர் அப்படித்தான் கேட்கிறார். (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: கொண்டுபோகலாம், திருத்த வேண்டாம். ரெவிட் அட்டவணையை எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்யும், எக்செல் அதைத் திறக்கும். ஆனால், அங்கே செய்த மாற்றம் தானாகத் திரும்பி வராது. டைனமோவோ வேறு இணைப்புச் செயலியோ இல்லாமல் எக்செலில் திருத்திய அன்றிலிருந்து உங்களிடம் இரண்டு அட்டவணைகள் இருக்கும், சைட்டுக்கு எது போகும் என்பது யார் அச்சிடுகிறார் என்பதைப் பொறுத்ததாகிவிடும். பி.ஓ.கியூ. எனப்படும் கணியப் பட்டியலைத் தயாரிப்பவருக்கு வேண்டியது வகைவாரியான எண்ணிக்கையே. அதை ரெவிட்டிலேயே இன்னோர் அட்டவணையாக, வகையின்படி தொகுத்து, கதவுகளைத் தனித்தனியே காட்டாமல் அமைத்துக் கொடுங்கள். அப்போது ஒரு வகைக்குள் மதிப்புகள் மாறுபடும் நிரல்களில் ‘வேரீஸ்’ என்று தோன்றினால், ஒரே வகையென்று எண்ணப்பட்ட கதவுகள் விலையில் ஒரே வகையல்ல என்று பொருள். விலை இடுமுன் அவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

எக்செலில் அவர் வரிசைப்படுத்தும்போது டி1க்குப் பின் டி10 வந்து, டி2 எங்கோ கீழே போய்விடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். கதவு இலக்கம் எழுத்தாகக் கொள்ளப்படுவதால் அப்படி நேர்கிறது. மூன்றாம் மாடியின் முதற் கதவுக்கு டி301, பன்னிரண்டாம் கதவுக்கு டி312 என்று, எல்லா இலக்கங்களையும் ஒரே நீளத்தில் இட்டால் இது தீரும். பத்து மாடிக்கு மேல் போகும் கட்டடமாயின் தொடக்கத்திலேயே டி0301 என்று நான்கு இலக்கங்களில் இட்டுவிடுங்கள். பட்டறைக்குப் போன பிறகு கதவு இலக்கத்தை மாற்ற வேண்டாம்.